பழைய ரேஸ் சைக்கிள்: வளைந்த ஹேண்டிலை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

வருடக்கணக்கில் ஓட்டாமல் நின்ற ரேஸ் சைக்கிளை வெளியே எடுத்து, தூசி தட்டி, டயருக்குக் காற்றடித்து ஒரு சுற்று போய்வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். "வண்டி என்னமா ஓடுது! ஆனா இந்த ஹேண்டில்தான் ஒத்துவரல." கிடாக் கொம்பு மாதிரி முன்னால் நீண்டு கீழே சுருளும் அந்த டிராப் பாரைப் பிடித்துக் குனிந்து ஓட்டினால் கழுத்து பிடிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது, அவசரத்துக்கு பிரேக் கைக்கு எட்டுவதில்லை. அடுத்த யோசனை தானாக வந்துவிடும்: இதைக் கழற்றிவிட்டு நேரான ஹேண்டில் ஒன்றைப் போட்டால் என்ன?

போடலாம். நானே மூன்று பழைய ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள்களில் போட்டிருக்கிறேன். ஒன்று அருமையாக அமைந்தது. ஒன்றை நான்கே மாதத்தில் பழையபடி மாற்றினேன். மூன்றாவதில் பிரேக் விஷயத்தில் நான் செய்த தவறு பெரிய அடியில் முடிந்திருக்கும், பிழைத்தது அதிர்ஷ்டம். ஹேண்டில் என்பது பார்ப்பதற்கு ஒரு குழாய்தான். ஆனால் அதில் தொங்கும் பிரேக், கியர், கேபிள், நம் உடம்பின் சாய்வு, சீட்டில் விழும் பாரம் எல்லாம் அதோடு சேர்ந்து மாறுகின்றன. அதனால் எந்த ஹேண்டில் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல், இப்போது நம்மை உறுத்துவது எது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரி.

முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஆள் நடமாட்டமில்லாத சமதரைச் சாலையில், இருபது நிமிடம், டிராப் பாரின் மேல்பகுதியை மட்டும், அதாவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நேராகப் போகும் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். அங்கே பிரேக் எட்டாது என்பதால் வேகம் வேண்டாம். ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் தண்டான ஸ்டெம்மை மாற்றாமல் நேரான ஹேண்டிலைப் போட்டால் கை ஏறக்குறைய அதே தூரத்தில், அதே உயரத்தில்தான் வந்து நிற்கும். அகலம் மட்டும் கூடும்.

அந்தப் பிடியில் முதுகும் கழுத்தும் நிம்மதியாக இருந்தால், உங்கள் பிரச்சினை எட்டிப் பிடிக்கும் தூரம். அதற்குப் பல தீர்வுகள் உண்டு, நேரான ஹேண்டில் அதில் ஒன்று. அந்தப் பிடியிலும் வலிக்கிறது என்றால், பிரச்சினை உயரம். ஹேண்டிலை மட்டும் நேராக்கி அதே உயரத்தில் வைத்தால் வலி போகாது. எத்தனையோ பேர் செலவழித்து மாற்றிய பிறகும் "இன்னும் வலிக்குதே" என்று சொல்வது இதனால்தான்.

கை மரத்துப்போவது தனிக்கதை. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். டிராப் பாரில் கை வைக்க நான்கு இடம் இருக்கிறது: மேல் நேர்ப்பகுதி, மூலை வளைவு, பிரேக் லிவரின் ரப்பர் தலை, கீழ் வளைவு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் நரம்புக்கு ஓய்வு கிடைக்கும். நேரான ஹேண்டிலில் இருப்பது ஒரே இடம். அதனால் கை மரப்பதற்காக மட்டும் நேரான ஹேண்டிலுக்கு மாறினால், நீண்ட ஓட்டத்தில் அது கூடத்தான் செய்யும்.

வலி எதுவும் இல்லை, நெரிசலில் பிரேக் பிடிக்கத்தான் பயம் என்றால், அதற்கு ஹேண்டிலை மாற்றவே தேவையில்லை.

டிராப் பாரை வைத்துக்கொண்டே சரிசெய்வது

பழைய ரேஸ் சைக்கிள்கள் போட்டிக்காக அமைக்கப்பட்டவை. ஹேண்டில் சீட்டைவிட நன்றாகவே தாழ்ந்திருக்கும், ஸ்டெம் நீளமாக இருக்கும், பிரேக் லிவர்கள் வளைவின் முன்பக்கத்தில் பாதி உயரத்தில் தொங்கும். அதே சைக்கிளை இன்றைய முறையில் அமைத்தால் ஆளே மாறிப்போகும்.

முதல் வேலை ஸ்டெம்மை உயர்த்துவது. பழைய வண்டிகளில் ஸ்டெம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கழுத்துக் குழாய்க்குள் இறங்கி, அடியில் உள்ள ஓர் ஆப்பால் இறுகி நிற்கும். மேலே தெரியும் போல்ட்டை, பெரும்பாலும் 6 மி.மீ. அலன் கீ போதும், மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். போல்ட் தலை கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. "டொக்" என்று ஆப்பு கீழே இறங்கும் சத்தம் கேட்கும். போல்ட் தலை மறுபடியும் ஸ்டெம்மோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். இப்போது முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை இடமும் வலமும் அசைத்தால் ஸ்டெம் மேலே வரும். பல வருடம் அசைக்காத அலுமினிய ஸ்டெம், ஸ்டீல் குழாய்க்குள் அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள், முரட்டுத்தனம் வேண்டாம். திரும்பப் போடும்போது நன்றாக கிரீஸ் தடவுங்கள்.

ஸ்டெம்மின் பக்கத்தில் ஒரு கோடு செதுக்கியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது. பழைய ரேஸ் ஸ்டெம்கள் குட்டையானவை, இரண்டு மூன்று செ.மீ. கிடைத்தால் பெரிது. அதற்கு மேல் வேண்டுமென்றால் உயரமான ஸ்டெம் வாங்கலாம். இல்லாவிட்டால் கழுத்துக்குள் இறங்கும் அடாப்டர் ஒன்றைப் போட்டு, அதன்மேல் இன்றைய வகை ஸ்டெம்மை மாட்டலாம். ஒரு அங்குல ஃபோர்க்குக்கான அந்த அடாப்டர் 22.2 மி.மீ. குழாயாக உள்ளே இறங்கி, மேலே 28.6 மி.மீ. ஆகத் தடிக்கும். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். அழகு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அதன்பிறகு எந்த நீளத்தில், எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் ஸ்டெம் மாற்றிப் பார்க்கலாம். பழைய பிரெஞ்சு சைக்கிள்களின் கழுத்துக்கு மட்டும் 22.0 மி.மீ. ஸ்டெம் தேவை; 0.2 மி.மீ.தானே என்று 22.2 ஐ அடித்து இறக்கக் கூடாது.

அப்புறம் லிவர்கள். ஹேண்டிலில் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரித்து, லிவரை அழுத்திப் பார்த்தால் அதன் உடம்புக்குள் ஒரு திருகு தெரியும். அதைத் தளர்த்தி லிவரை வளைவில் இரண்டு செ.மீ. மேலே ஏற்றுங்கள். ஹேண்டிலையே கொஞ்சம் மேல்நோக்கித் திருப்புங்கள். இந்த இரண்டையும் செய்தால், முன்னால் சறுக்கிக்கொண்டே இருந்த கை, லிவரின் ரப்பர் தலைமேல் சமமாக உட்காரும். இதற்கு ஒரு புது டேப் போதும்.

இன்னும் ஒரு படி போகலாம். பழைய டிராப் பார்கள் ஏறக்குறைய 90 முதல் 100 மி.மீ. முன்னால் நீண்டு, 140 முதல் 150 மி.மீ. கீழே இறங்கும். இன்று காம்பாக்ட் என்று சொல்லப்படும் பார்கள் 70 முதல் 80 மி.மீ. நீண்டு, 120 முதல் 130 மி.மீ. மட்டும் இறங்குகின்றன. பழைய பாரில் கீழ்வளைவைப் பிடிக்கவே முடியாதவர்கள் இதில் இயல்பாகப் பிடிக்கிறார்கள். நான்கு மாதத்தில் பழையபடி மாற்றினேன் என்று சொன்ன சைக்கிள் இப்படித்தான் தீர்ந்தது. நேரான ஹேண்டிலில் நாற்பது கிலோமீட்டர் போய்வந்த ஒரு நாள், எதிர்க்காற்றில் உடம்பைத் தாழ்த்த வழியில்லாமல், வலது கை முழுவதும் மரத்து, வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கச் சாவியைத் திருப்ப முடியவில்லை. உயரமான ஸ்டெம்மும் காம்பாக்ட் பாரும் போட்ட பிறகு அந்த வண்டியில் அந்தத் தொந்தரவு வரவில்லை.

காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்காக உயர்கிறது. மணிக்கு 20 கி.மீ.யிலிருந்து 25 ஆக்கினால் காற்றுக்காக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பகுதி மோதுவது சைக்கிளில் இல்லை, நம் நெஞ்சில். நிமிர்ந்து உட்காருவதற்கு நாம் கொடுக்கும் விலை இது. குறுகிய தூரத்தில் தெரியாது, நீண்ட தூரத்தில் கால்கள் சொல்லும்.

பிரேக் பயத்துக்குத் தனி மருந்து

பழைய லிவர்களில் கேபிள் தலையிலிருந்து மேலே வளைந்து வெளியே வரும். அந்த வகையில் ரப்பர் தலையில் கைவைத்தபடி பிரேக் பிடித்தால் விரல் லிவரின் மேல்நுனியைத்தான் பிடிக்கும். நெம்புகோலை அதன் அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்துவது போல, பலம் கிடைக்காது. 1980களில் வந்த, கேபிளை டேப்புக்கு அடியில் ஒளித்துச் செல்லும் லிவர்களில் அச்சின் இடமும் மாறியது. தலைப்பிடியிலிருந்தே நன்றாக நிறுத்தலாம். ஹேண்டில், கியர் எதையும் தொடாமல் லிவர் ஜோடியையும் கேபிளையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அந்த வகை லிவர் வந்துவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. மேல் நேர்ப்பகுதியில், ஸ்டெம்முக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு ஜோடி சின்ன லிவர் போடலாம். இன்டரப்டர் லிவர் என்பார்கள். கேபிளின் வெளியுறையை அந்த இடத்தில் வெட்டி நடுவில் இதை நுழைப்பார்கள். அழுத்தும்போது உறையின் இரு துண்டுகளையும் இது பிரித்துத் தள்ள, உள்கம்பி இழுபடும். முக்கிய லிவர் பிடிப்பதற்கு நிகராகவே பிடிக்கும். நிமிர்ந்த நிலையில் நெரிசலுக்குள் ஓட்டுபவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

பழைய வண்டிகளில் முக்கிய லிவரோடு ஒட்டிக்கொண்டு, மேல்பகுதிக்கு இணையாக ஓடும் நீட்டு லிவர் ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். வேலை ஒன்றுபோல் தோன்றினாலும் அது வேறு. அழுத்தினால் அதுவே வளையும், லிவரின் ஓட்டத்தில் பாதியைத் தின்றுவிடும். என் கைக்கு வரும் வண்டிகளில் அதை முதலில் கழற்றி வைத்துவிடுவேன்.

நேரான ஹேண்டில்: உண்மையில் என்னென்ன மாறும்

சரி, எல்லாம் யோசித்தாயிற்று, நேரான ஹேண்டில்தான் வேண்டும். குறுகிய தூரம், நிறைய நிறுத்தங்கள், பின்னால் திரும்பிப் பார்க்கும் தேவை, தோளில் பை. இதற்கெல்லாம் அது உண்மையிலேயே நல்லது. அகலமான பிடியில் வண்டி நடுங்காமல் நிற்கும், பிரேக் எப்போதும் விரலுக்கு அடியில் இருக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதல் அளவு, ஸ்டெம் ஹேண்டிலைக் கவ்வும் இடம். பழைய டிராப் பார்களில் நடுப்பகுதி பெரும்பாலும் 25.4 அல்லது 26.0 மி.மீ., சில இத்தாலிய வகைகளில் 26.4. நேரான ஹேண்டில்களில் பழையவை 25.4, இன்றையவை பெரும்பாலும் 31.8. வெர்னியர் வைத்து அளக்காமல் கண்ணால் 25.4 ஐயும் 26.0 ஐயும் பிரிக்க முடியாது. 26.0 ஸ்டெம்மில் 25.4 ஹேண்டிலை அப்படியே இறுக்கினால் ஒன்று வழுக்கும், அல்லது ஸ்டெம் தன் அளவுக்கு மீறி நெருங்கி விரிசல் விடும். இடைவெளிக்கென்றே விற்கும் மெல்லிய அலுமினிய வளையத்தைப் போட்டால் சரியாகிவிடும். 26.0 ஹேண்டிலை 25.4 ஸ்டெம்மில் நுழைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பழைய ஸ்டெம்மில் முன்மூடி தனியாகக் கழலாது என்பதும் நினைவிருக்கட்டும். ஹேண்டிலை ஒரு முனையிலிருந்து நுழைத்து நடுவுக்குத் தள்ள வேண்டும். நேரான குழாய் எளிதாகப் போகும், நடுவில் மேலே வளைந்து எழும் வகை பல ஸ்டெம்களில் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். மேலே சொன்ன அடாப்டர் வழியில் போனால் இந்தத் தலைவலி மொத்தமும் இல்லை.

அடுத்தது தூரம். ரப்பர் தலையைப் பிடித்து ஓட்டும்போது கை, ஹேண்டிலின் நடுக்குழாயைவிட பத்து செ.மீ.க்கும் மேல் முன்னால் இருக்கிறது. நேரான ஹேண்டில் போட்டால் அத்தனையும் ஒரே அடியில் பின்னால் வந்துவிடும். நிமிர விரும்புபவருக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஃபிரேம் ஏற்கெனவே உங்களுக்குச் சரியான அளவில் இருந்தால் வண்டி திடீரெனக் குட்டையாகி, முழங்கைக்கு இடமில்லாமல், முன்சக்கரம் பாரமில்லாமல் துள்ளும். அப்போது ஸ்டெம்மை இரண்டு மூன்று செ.மீ. நீளமாக்க வேண்டும். நேரான ஹேண்டிலோடு பிறந்த சைக்கிள்களில் மேல்குழாயையே நீளமாக வைத்திருப்பது இதனால்தான்.

அகலத்துக்கு ஒரு வார்த்தை. மலைச் சைக்கிளுக்கான 74, 78 செ.மீ. ஹேண்டிலை இந்த மெல்லிய ஃபிரேமில் மாட்டாதீர்கள். 54 முதல் 60 செ.மீ. போதும். நீளமாக இருந்தால் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் இரண்டு பக்கமும் சமமாக வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து, அடைப்பான் கட்டாயம் போடுங்கள். திறந்த குழாய் முனை விழும்போது தொடையைத் துளைக்கும்.

இனி, நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது: பிரேக் லிவர். டிராப் பாரில் லிவர் பிடிக்கும் குழாய் 23.8 மி.மீ., நேரான ஹேண்டிலில் 22.2 மி.மீ. ஆகவே பழைய லிவரைக் கொண்டுவந்து இதில் மாட்ட முடியாது, புதிது வாங்கத்தான் வேண்டும். அங்கேதான் குழி இருக்கிறது. நேரான ஹேண்டிலுக்கென்று எளிதில் கிடைக்கும் லிவர்களில் பெரும்பாலானவை மலைச் சைக்கிள்களில் வரும் வி-பிரேக்குக்காகச் செய்தவை. வி-பிரேக்கின் கைகள் நீளமானவை, அதற்குக் கேபிள் நிறைய இழுபட வேண்டும். ரேஸ் சைக்கிளில் ரிம்மை இடுக்கி போல் கவ்வும் காலிப்பர் பிரேக்குக்குத் தேவையான கேபிள் ஓட்டம் ஏறக்குறைய அதில் பாதிதான். கேபிளை அதிகம் இழுக்கும் லிவர், அதே அளவுக்கு விசையைக் குறைத்துத்தான் கொடுக்கும். கடப்பாரையைக் குட்டையாகப் பிடித்துக் கல்லை நெம்பும் கதை.

நான் ஏமாந்தது எப்படி என்று சொல்கிறேன். வி-பிரேக் லிவரை மாட்டி, கேபிள் இழுத்துக் கட்டி, நின்றபடியே அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கொஞ்சம் அசைந்ததுமே பிரேக் கட்டை ரிம்மில் உட்கார்ந்து, லிவர் அதற்குமேல் நகரவில்லை. பழைய லிவரைவிட உறுதியாகத் தோன்றியதால் சந்தோஷப்பட்டேன். மாலையில் லேசான தூறல். ஒரு சரிவில் இறங்கும்போது கீழே குறுக்குச் சாலையில் வண்டி ஒன்று வந்தது. இரண்டு கையாலும் முழுப் பலத்தோடு அழுத்தினேன். லிவர் அதே கல் மாதிரிதான் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. ஈர ரிம்மில் கட்டை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பாதையோர மண்மேட்டில் ஏறி விழுந்ததால் தப்பினேன். லிவர் கையில் இறுக்கமாக இருப்பது நல்ல பிரேக்குக்கு அடையாளம் இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது. நல்ல காலிப்பர் பிரேக், அழுத்தினால் கட்டை பட்ட பிறகும் கொஞ்சம் மெத்தென்று உள்ளே போகும்.

எனவே கேட்டு வாங்க வேண்டியது: குறைந்த கேபிள் இழுப்பு லிவர், காலிப்பருக்கும் பழைய கேன்டிலீவர் பிரேக்குக்கும் பொருந்துவது. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும்படி கேபிள் முனை உட்காரும் இடத்தை நகர்த்தக்கூடிய லிவர்களும் உண்டு. கேபிளும் மாறும். ரேஸ் லிவரில் உட்காரும் கம்பிமுனை பேரிக்காய் வடிவம். நேர் ஹேண்டில் லிவரில் உட்காருவது உருளை வடிவம். ஒன்றை மற்றதில் திணித்தால் உட்கார்ந்தது மாதிரித் தெரியும், ஒருநாள் நழுவும். வெளியுறையிலும் கவனம் தேவை: கியருக்கான உறையைப் பிரேக்குக்குப் போட்டால் பலமாக அழுத்தும்போது பிளந்துவிடும், ஏனென்றால் அதன் கம்பிகள் சுருளாக இல்லாமல் நீளவாக்கில் ஓடுகின்றன.

கியர் விஷயம் பலரைப் பயமுறுத்துகிறது, ஆனால் பழைய வண்டியில் அது பெரும்பாலும் எளிது. கியர் லிவர் டவுன் டியூபில், அதாவது கழுத்திலிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாயில் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். ஹேண்டில் எதுவானாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனக்கு அருமையாக அமைந்தது என்று சொன்ன சைக்கிள் இப்படித்தான் இருக்கிறது: நேரான ஹேண்டில், சரியான லிவர், கியர் மட்டும் பழைய இடத்தில். ஒரு கையை இறக்கிக் கியர் மாற்றுவது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கையருகே வேண்டும் என்பவர்கள் கட்டைவிரலால் தள்ளும் தம்ப் ஷிஃப்டர் வாங்கலாம். அதில் படிப்படியாக விழாமல் உரசி நிற்கும் ஃபிரிக்‌ஷன் வகை, சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் எந்த டெரெய்லரோடும், எத்தனை பல்சக்கரத்தோடும் பேசும். "கிளிக்" என்று விழும் வகை வேண்டுமானால் பொருத்தம் பார்க்க வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் பாகங்களில் 6 முதல் 9 பல்சக்கரம் வரை ரோடு, மலை இரண்டு வகைப் பின் டெரெய்லரும் ஒரே கேபிள் கணக்கில் ஓடுகின்றன. 1984ல் வந்த டியூரா-ஏஸ் 7400 வரிசை மட்டும் விலக்கு. 10ல் இரண்டும் பிரிந்துவிட்டன. பல்சக்கர எண்ணிக்கைக்கும் ஷிஃப்டருக்கும் ஒத்துப்போக வேண்டும். முன் டெரெய்லருக்கு ரோடும் மலையும் வேறு கணக்கு என்பதால் முன்னதை ஃபிரிக்‌ஷனாக வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. டவுன் டியூபிலிருந்து லிவரைக் கழற்றினால் அந்த இடத்தில் கேபிள் உறைக்கான தாங்கி மாட்ட வேண்டும், மறக்க வேண்டாம்.

பிரேக்கும் கியரும் ஒரே லிவரில் இருக்கும் 1990களுக்குப் பிந்தைய வண்டியா? அதில் நேரான ஹேண்டிலுக்குப் போனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இழக்கிறீர்கள். லிவர், ஷிஃப்டர், கேபிள் எல்லாம் புதிது. கணக்குப் போட்டால் பல நேரம் நேரான ஹேண்டிலோடு வரும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்குவதே மேல் என்று வரும். அந்த வகை வண்டியை நான் மாற்றச் சொல்லமாட்டேன்.

பின்னோக்கி வளையும் ஹேண்டில்

முற்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்து போக ஆசைப்படுபவர்களுக்கு நேரான ஹேண்டிலைவிட இது நல்லது என்பது என் எண்ணம். நம் பக்கமாக வளைந்து வரும் நார்த் ரோடு வகையில் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளாமல், கையைத் தொங்கவிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே பிடிக்கலாம். இதிலும் லிவர் 22.2 மி.மீ. தான், ஆக பிரேக் பற்றிச் சொன்ன எச்சரிக்கை அத்தனையும் பொருந்தும்.

ஆனால் இது கையை நிறையப் பின்னால் கொண்டுவந்துவிடும். குட்டை ஸ்டெம்மோடு போட்டால் திருப்பத்தில் ஹேண்டில் முனை முழங்காலில் இடிக்கும், எழுந்து நின்று மிதிக்க இடமிருக்காது. இருக்கும் நீள ஸ்டெம்மையே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அந்த நீளம் வரம். இன்னொன்று, நிமிர்ந்ததும் உடம்பின் பாரம் கையிலிருந்து சீட்டுக்கு இறங்கிவிடும். ரேஸ் சீட்டு குனிந்து ஓட்டுபவருக்காகக் குறுகலாகச் செய்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் வேறு வலி தொடங்கும். அகலமான சீட்டுக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

இதற்கும் டிராப் பாருக்கும் நடுவில் மீசை வடிவ ஹேண்டில் ஒன்று உண்டு. 1992ல் பிரிட்ஜ்ஸ்டோனின் எக்ஸ்ஓ-1 சைக்கிளில் வந்து கவனம் பெற்றது. டிராப் பாரின் லிவர்களையே இதில் மாட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் கை முன்னால் நிறைய நீளும், குட்டை ஸ்டெம் இல்லாமல் சுகப்படாது.

புல்ஹார்ன் எனப்படும் காளைக்கொம்பு வகையைப் பலர் பழைய டிராப் பாரைத் தலைகீழாகத் திருப்பி, வாலை அறுத்தே செய்துகொள்கிறார்கள். முன்பிடி சுகமாக இருக்கும், மேட்டில் இழுத்து ஏற நல்லது. ஆனால் நிமிர்வதற்கு அது உதவாது. வலிக்காக மாற்றுபவர்களுக்கு அதில் விடை இல்லை.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

ஒரு முறைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறவர், அல்லது போக ஆசைப்படுகிறவர், டிராப் பாரை விடக் கூடாது. ஸ்டெம்மை உயர்த்தி, லிவரை ஏற்றி, தேவைப்பட்டால் காம்பாக்ட் பார் போட்டு ஒரு மாதம் ஓட்டிய பிறகுதான் அடுத்த யோசனை. பிரேக் பயம் மட்டும் இருப்பவர் இன்டரப்டர் லிவரோடு நிறுத்திக்கொள்ளலாம். பத்து கிலோமீட்டருக்குள் தினமும் போய்வருபவர், கியர் லிவர் டவுன் டியூபில் இருக்கும் வண்டி வைத்திருந்தால், நேரான ஹேண்டிலோ பின்வளைந்ததோ தைரியமாகப் போடலாம். கழுத்திலோ முதுகிலோ ஏற்கெனவே கோளாறு உள்ளவர் யோசிக்காமல் பின்வளைந்த வகைக்குப் போகலாம். ஃபிரேமே உங்கள் உயரத்துக்குப் பெரிது, இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய் இடிக்கிறது என்றால் எந்த ஹேண்டிலும் அதைச் சின்னதாக்காது. அந்த வண்டியை உயரமான ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வேறு தேடுங்கள்.

எதை மாற்றினாலும் கழற்றிய பாகங்களை ஒரு துணிப்பையில் கட்டி, சின்னத் திருகுகள் உட்பட, பத்திரமாக வையுங்கள். நான் பழையபடி மாற்ற முடிந்தது அந்தப் பையால்தான்.

முதல் ஓட்டத்துக்கு முன் மூன்று சோதனை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் பலமாகத் திருப்புங்கள். ஸ்டெம் நழுவக் கூடாது. பிறகு ஹேண்டிலின் இரண்டு முனையிலும் உடம்பின் பாரத்தை வைத்து அழுத்துங்கள். ஸ்டெம்மின் பிடிக்குள் ஹேண்டில் சுழலக் கூடாது. கடைசியாக, ஹேண்டிலை முழுதாக இடதுக்கும் வலதுக்கும் திருப்பி, கேபிள் எங்கும் விறைக்காமல், பிரேக் தானாகப் பிடிக்காமல் இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகு சமதரையில் நடைவேகத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி, ரிம்மில் தண்ணீர் தெளித்தும் ஒருமுறை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, சரிவுப் பக்கம் போங்கள்.